தாத்தா காலத்து துப்பாக்கிய செவுத்துல மாட்டப் போறீங்களா? "எப்படித் தெரியும்?"னு கேட்டா சொல்ல பதில் வச்சுக்கோங்க

எங்க சித்தப்பா காரைக்குடி பக்கம் எங்க பழைய வீட்ட கொஞ்சம் சரி பண்ணி, ஊர் பாக்க வர்றவங்க தங்குறதுக்கு விட ஆரம்பிச்சாரு. அப்ப ஐயாவோட, அதாவது எங்க தாத்தாவோட சாமான் எல்லாத்தையும் ரெண்டாங்கட்டுல இருந்து எடுத்துட்டு வந்து முகப்புல மாட்டிட்டாரு. ஒரு நாட்டுத் துப்பாக்கி, மூணு வாள், பர்மாவுல இருந்து யாரோ கொண்டுவந்த ஒரு ஜப்பான் வாள், அப்பறம் பித்தளையில ஒரு ஷெல் கூடு (பீரங்கிக் குண்டோட அடிக் கூடு), அதுல தான் அப்பத்தா காலத்துல இருந்து குடை சொருகி வச்சிருப்போம். பாக்க கம்பீரமா தான் இருந்துச்சு. முதல் மாசமே ஒரு குடும்பம் வந்துச்சு, கூட ஒரு வாண்டுப் பையன், அவனோட அம்மா செவுத்த பாத்துட்டு "சார் இது சுடுமா"ன்னாங்க. சித்தப்பா சிரிச்சுக்கிட்டே "அது செத்து அறுபது வருசம் ஆச்சும்மா"ன்னாரு. அவங்க விடல, "எப்படித் தெரியும்?"னு ஒரே கேள்வி.

சித்தப்பாட்ட பதில் இல்ல, பக்கத்துல நின்ன என்கிட்டயும் இல்ல. லைசென்ஸ் இருக்கு, ஐயா பேர்ல இருந்தத முறையா மாத்தி தவறாம புதுப்பிச்சுட்டு வர்றாரு, ஆனா அந்தக் குழாய்க்குள்ள என்ன இருக்குன்னு வீட்டுல ஒருத்தரும் எட்டிப் பாத்ததே இல்ல. அன்னைல இருந்து ரெண்டு மூணு வருசமா இதுக்காக அலைஞ்சு, திட்டு வாங்கி, கத்துக்கிட்டத தான் இங்க எழுதுறேன். வீட்டுலயோ கடையிலயோ ரிசார்ட்டுலயோ பழைய போர் சாமான் வச்சிருக்கவங்களுக்கு இது. பக்கத்து வீட்டுல அப்படி வச்சிருக்காங்கன்னு தூக்கம் வராம இருக்கவங்களுக்கும் கடைசியில கொஞ்சம் இருக்கு.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன், பயப்படுறவங்கள கேலி பண்ணாதீங்க. எங்க வீட்டுல அந்தம்மா பயந்தது தான் சரி, சித்தப்பா சிரிச்சது தான் தப்பு.

மொத வேல: உள்ள காலியா?

ஆணி அடிக்கிறது, கண்ணாடி போடுறது, லைட் போடுறது எல்லாம் அப்பறம். வாய்வழியா மருந்து கெட்டிக்கிற பழைய துப்பாக்கிய அந்தக் காலத்துல காட்டுப்பன்னி வந்தா சட்டுனு எடுக்கணும்னு கெட்டிச்ச நிலையிலயே மாட்டி வைப்பாங்க. அப்பறம் ஆள் செத்துப் போவாரு, துப்பாக்கி அப்படியே தொங்கும். கருமருந்து ஈரம் படாம இருந்துச்சுன்னா நூறு வருசம் ஆனாலும் அதோட கொணம் போகாது, பாலு மாதிரி திரிஞ்சு போற சாமான் இல்ல அது.

பாக்குறது எப்படின்னா, லைசென்ஸ் வச்சிருக்கவர் பக்கத்துல இருக்கணும், பிள்ளைங்க வீட்டுக்கு வெளிய இருக்கணும், துப்பாக்கி வாய் ஒரு மண்ணு மூட்டையப் பாத்து இருக்கணும். குதிரையையும் (பின்னாடி சுத்தியல் மாதிரி அடிக்கிறது) விசையையும் (விரல் வச்சு இழுக்குறது) தொடாதீங்க. குதிரை அடிக்கிற முனையில சின்னதா செம்புத் தொப்பி மாதிரி ஒண்ணு மாட்டியிருந்தா அங்கயே நிறுத்திருங்க, அது கேப்பு, அடி பட்டா மருந்தப் பத்த வைக்கிறது, அது இருந்தா நீங்க பாக்க வேண்டிய வேலை இல்ல, ஸ்டேஷனுக்கு போன் பண்ற வேலை. அது இல்லைன்னா, நேரா மெல்லிசா ஒரு மூங்கில் குச்சி எடுத்துக்கோங்க, இரும்புக் கம்பி வேண்டவே வேண்டாம், பக்கவாட்டுல நின்னுக்கிட்டு, மொகத்தையும் கையையும் வாய்க்கு நேரா வைக்காம மெதுவா உள்ள விடுங்க. குத்தாதீங்க, இடிக்காதீங்க, அது போய் முட்டுற வரைக்கும் விட்டா போதும். முட்டுன எடத்துல, வாயோட விளிம்புக்கு நேரா குச்சியில ஒரு பேனா கோடு. வெளிய எடுத்து அதே குச்சிய குழாய்க்கு மேல படுக்கப் போட்டு, கோட்ட வாய் விளிம்போட சேத்து வச்சுப் பாருங்க. குச்சியோட அடி முனை, பின்னாடி மருந்துக்குத் தீ போற ஓட்டை இருக்குல்ல, கிட்டத்தட்ட அது வரைக்கும் வரணும். வந்துச்சுன்னா பெரும்பாலும் காலி. அதுக்கு முன்னாடியே நின்னுச்சுன்னா உள்ள ஏதோ இருக்கு. கொளவிக் கூடா இருக்கலாம், துணியா இருக்கலாம், கெட்டிச்ச மருந்தாவும் இருக்கலாம்.

எங்க வீட்டு துப்பாக்கியில குச்சி நாலு விரக்கடை முன்னாடியே நின்னுருச்சு.

சித்தப்பா குச்சிய ரெண்டாவது தடவ விட்டுப் பாத்தாரு, அதே எடம். யாரும் பேசல. நாப்பது வருசமா அந்த துப்பாக்கிக்கு கீழ தான் நாங்க வரிசையா பாய் போட்டு படுத்துருக்கோம், ஆயுத பூஜைக்கு அதுக்குப் பொட்டு வச்சு சூடம் காட்டியிருக்கோம், சூடம்! அப்பறம் ஸ்டேஷன்ல சொல்லி, மறுநாள் போலீஸ் ஆயுதப்படையில இருந்து ஆர்மரர் (துப்பாக்கிய சோதிச்சு பழுது பாக்குறவர்) ஒருத்தர் வந்தாரு, அமைதியான மனுசன், குழாய்க்குள்ள தண்ணிய ஊத்தி ரொம்ப நேரம் ஊற விட்டு, நுனியில திருகு வச்ச ஒரு கம்பிய விட்டு இழுத்தாரு. மொதல்ல தேங்கா நார் உருண்டை, அப்பறம் பட்டாணி சைஸ்ல ஈயக் குண்டு ஒரு கையளவு, அதுக்கப்பறம் கருப்பா குழம்பு மாதிரி. அவர் போகும்போது "இத நீங்களா எடுக்கணும்னு யாரும் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போகலையே, அது வரைக்கும் சந்தோசம்"னுட்டு போனாரு.

அதனால, உள்ள ஏதோ இருக்குன்னு தெரிஞ்சா நீங்க எதையும் தோண்டி எடுக்காதீங்க, சூடு காட்டாதீங்க, டிரில் போடாதீங்க, லேத் பட்டறை அண்ணன கூப்பிடாதீங்க. இது வாய்வழி துப்பாக்கிக்கு மட்டும் தான். பின்னாடி திறந்து தோட்டா போடுற வகை, பழைய மிலிட்டரி ரைஃபிள் மாதிரி இருந்துச்சுன்னா குச்சி வேலையே வேண்டாம், நேரா ஆர்மரரோ லைசென்ஸ் உள்ள டீலரோ பாக்கட்டும்.

ஷெல்லு, கையெறி குண்டு, பீரங்கிக் குண்டு

இது தான் உண்மையிலயே ஆள காலி பண்ற ஐட்டம். துப்பாக்கிய பாத்து எல்லாரும் பயப்படுவாங்க, ஷெல்ல பாத்து யாரும் பயப்பட மாட்டாங்க, பூச்சாடி மாதிரி இருக்கும்ல.

1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன்னு ஒரு ஜெர்மன் போர்க்கப்பல் மெட்ராஸ் மேல நூத்துக்கு மேல ஷெல் அடிச்சுட்டுப் போச்சு, ஹைகோர்ட் செவுத்துல இன்னும் அதுக்கு கல்வெட்டு இருக்கு, எமகாதக ஆளப் பாத்தா "அவன் ஒரு எம்டன்"னு நாம இன்னும் சொல்றோம். ரெண்டாம் உலகப் போர்ல பர்மாவுல இருந்து நடந்தே வந்தவங்க, பட்டாளத்துல இருந்து வந்தவங்கன்னு எத்தனையோ பேரு ஞாபகத்துக்கு ஒண்ணு தூக்கிட்டு வந்துருக்காங்க. அதுல எது வெறும் கூடு, எது சரக்கோட இருக்குன்னு தான் கேள்வி.

வெறும் பித்தளைக் கூடுன்னா மேல திறந்து இருக்கும், டார்ச் அடிச்சா அடி வரைக்கும் தெரியும். கவுத்துப் பாத்தா அடியில நடுவுல ஒரு வட்டம் இருக்கும், அது பிரைமர், உள்ள மருந்தப் பத்த வைக்கிற பகுதி. அதுல பள்ளம் விழுந்துருந்தா பெரும்பாலும் சுட்ட கூடு, வழவழன்னு பள்ளமே இல்லாம இருந்தா அந்த பிரைமர் இன்னும் உசுரோட இருக்கலாம், கீழ வச்சுட்டு ஆள கூப்பிடுங்க. எங்க குடைக் கூடுல நல்லா பள்ளம் இருந்துச்சு, அத பாத்தப்பறம் தான் எனக்கு மூச்சே வந்துச்சு, ஏன்னா அப்பத்தா வருசா வருசம் பொங்கலுக்கு அத புளி போட்டு தேச்சு வெயில்ல காய வைக்கும்.

மேல கூம்பு மாதிரி குண்டு மூடியிருந்தா? தொடாதீங்க. அவ்வளவு தான். உருண்டையா வார்ப்பு இரும்புல இருந்தாலும், கையெறி குண்டா இருந்தாலும் அதே தான், "அடியில ஓட்டை இருக்கு அதனால டம்மி"ன்னு யாராவது சொன்னாலும் நம்பாதீங்க. நகத்தாதீங்க, சாக்குல சுத்தி டூவீலர்ல வச்சு ஸ்டேஷனுக்குக் கொண்டு போகாதீங்க, 112க்கு அடிச்சா வெடிகுண்டு பிரிவு ஆளுங்க வருவாங்க. அந்தக் காலத்துல சில ஷெல்லுக்குள்ள பிக்ரிக் அமிலம்னு ஒரு வெடிமருந்து போட்டிருப்பாங்க, ஜப்பான்காரங்களும் அத நிறைய போட்டாங்க, அது இரும்போட சேந்து வருசம் போகப் போக இன்னும் மோசமா மாறும், லேசா தட்டினாலே வெடிக்கிற மாதிரி. "பழசு தானே"ங்குற பேச்சு இங்க அப்படியே தலைகீழ்.

2008 பிப்ரவரியில அமெரிக்காவுல வர்ஜீனியாவுல ஒருத்தர், உள்நாட்டுப் போர் காலத்து குண்டுகள சுத்தம் பண்ணி குடுக்குறதுல ரொம்ப வருசம் அனுபவம் உள்ளவரு, வீட்டு வாசல்ல வச்சு ஒரு கடற்படை குண்ட சுத்தம் பண்ணும்போது வெடிச்சு செத்துப் போனாரு. செஞ்சு 140 வருசத்துக்கு மேல ஆன குண்டு, 75 பவுண்டு எடை, அதோட ஒரு துண்டு கால் மைல் தள்ளி இருந்த ஒரு வீட்டோட திண்ணையப் பிச்சுக்கிட்டுப் போச்சு. அந்த வீட்டுக்காரங்களுக்கும் இந்த கலெக்‌ஷனுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல பாருங்க. 2022 ஏப்ரல்ல ஒரு அமெரிக்கக் குடும்பம் கோலான் குன்றுல கெடந்த வெடிக்காத ஷெல்ல ஞாபகத்துக்குன்னு எடுத்து பெட்டியில வச்சு, இஸ்ரேல் பென் குரியன் ஏர்போர்ட்ல போய் "இத கொண்டு போலாமா"ன்னு காட்டியிருக்காங்க, மொத்த கூட்டமும் செதறி ஓடிருச்சு. கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்ல அவங்களுக்கு, அது தான் பிரச்சனையே.

பேப்பர்

கொஞ்சம் அலுப்பு தட்டுற பகுதி, ஆனா "எப்படித் தெரியும்"க்கு பாதி பதில் இங்க தான் இருக்கு.

நம்ம நாட்டுல 1959 ஆயுதச் சட்டம். அதுல 45வது பிரிவுல, பழைய மாடல், பழம்பொருள் மதிப்பு உள்ளது, இல்ல பழுதானது, அப்படி இருந்து ரிப்பேர் பண்ணாலும் பண்ணாட்டியும் சுடவே முடியாதுன்னா சட்டம் அதுக்குப் பொருந்தாதுன்னு இருக்கு. இத அரைகுறையா கேட்டுட்டு "பழசுன்னா லைசென்ஸ் தேவையில்ல"ன்னு சொல்லிட்டுத் திரியிற ஆளுங்க நிறைய. "ரிப்பேர் பண்ணாலும்"ங்குற வார்த்தை தான் முக்கியம், எண்ணெய் போட்டு ஒரு ஸ்ப்ரிங் மாத்தினா சுடும்னா அது இதுல வராது. 2020ல ஒரு விதித் திருத்தம் வந்துச்சு, கியூரியோன்னு (அபூர்வமான பழம்பொருள்) வகைப்படுத்துற பழைய துப்பாக்கிய இந்தியக் குடிமக்கள் வாங்கி வச்சிருக்க லைசென்ஸ் வேண்டாம், ஆனா சுடவோ வெளிய எடுத்துட்டுப் போகவோ லைசென்ஸ் வேணும்னு. நம்ம துப்பாக்கி அந்த வகையில வருதான்னு நாமளே முடிவு பண்ணிக்கக் கூடாது. மாவட்டத்துல கலெக்டர் ஆபீஸ், கமிஷனர் இருக்க சிட்டியில கமிஷனர் ஆபீஸ், அங்க எழுதிக் கேட்டு எழுத்துலயே பதில் வாங்குங்க. வாய்ப்பேச்சா "பரவால்ல சார் வச்சுக்கோங்க"ன்னு சொன்ன அதிகாரி நாளைக்கு மாறிப் போயிருவாரு.

லைசென்ஸ் உள்ளவர் இறந்துட்டா துப்பாக்கிய ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள டீலர்கிட்டயோ ஒப்படைச்சுட்டு வாரிசு தனியா விண்ணப்பிக்கணும். ஆனா அவருக்கு 70 வயசு ஆயிருந்தாலோ, 25 வருசம் வச்சிருந்தாலோ, உயிரோட இருக்கும்போதே வாரிசு பேருக்குக் கேக்கலாம், 2016 விதியில இடம் இருக்கு, இத செஞ்சு வைங்க, இல்லைன்னா துக்க வீட்டுல துப்பாக்கிய யார் தூக்கிட்டுப் போறதுன்னு முழிக்கணும். 2019 திருத்தத்துக்கு அப்பறம் ஒரு ஆளுக்கு ரெண்டு துப்பாக்கி தான், பரம்பரையா வந்ததும் அந்தக் கணக்குல சேரும்.

குடகுல கொடவர்கள் லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வச்சிருக்காங்களேன்னு கேப்பாங்க. அது அவங்களுக்கு மட்டும் தனியா குடுத்த விலக்கு, இப்ப 2029 வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க, கைல்போல்து பண்டிகைக்கு துப்பாக்கிக்குப் பூ வச்சு கும்பிடுறது பாக்கவே அழகா இருக்கும். நாமளும் ஆயுத பூஜைக்கு வைக்கிறோம்ங்கிறதால நமக்கும் அந்த விலக்கு வந்துராது.

வாளுக்கு வேற கணக்கு. பிளேடு 9 இஞ்சுக்கு மேல நீளம் இல்ல 2 இஞ்சுக்கு மேல அகலம் இருந்தா ஆயுதப் பட்டியல்ல வரும், வீட்டுக்கும் வெவசாயத்துக்கும் உள்ள அரிவாள் மாதிரி சாமான் விலக்கு. அரசு அறிவிச்ச பகுதியில தான் இதுக்கு லைசென்ஸ் கேப்பாங்க, உங்க ஊர் அதுல வருதான்னு விசாரிச்சுக்கோங்க. நூறு வருசத்துக்கு மேல பழசுன்னா தொல்பொருள் சட்டமும் உண்டு, 1972 சட்டம், வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு கிஃப்ட்டா குடுத்து விடுறதெல்லாம் நடக்காது.

இன்னொண்ணு, துப்பாக்கிய "செயலிழக்க" வைக்கிறேன்னு நீங்களே குழாய்ல ஈயத்த ஊத்துறது, ஓட்டை போடுறது பண்ணாதீங்க. துப்பாக்கிய மாத்துறதுக்கும் ரிப்பேர் பண்றதுக்கும் கூட லைசென்ஸ் உள்ள ஆள் தான் வேணும், அதுவும் போக பழம்பொருளோட மதிப்பே போயிரும். நாங்க பண்ணது, விசையப் பூட்டுற பூட்டு ஒண்ணு, குழாய் வாயில பளிச்சுன்னு ஆரஞ்சு கலர்ல ஒரு கட்டை அடைப்பு. ஆரஞ்ச பாத்ததுமே பாதிப் பேருக்கு பயம் போயிருது, காரணமே கேக்குறது இல்ல.

ஊருக்கே தெரியும்னா போதாது

ஜெர்மனியில கீல் பக்கத்துல ஹெய்க்கெண்டார்ஃப்னு ஒரு ஊரு. அங்க ஒரு பெரியவர் வீட்டு நிலவறையில ரெண்டாம் உலகப் போர் பாந்தர் டாங்கிய வச்சிருந்தாரு, கூட ஒரு 88 மில்லிமீட்டர் விமான எதிர்ப்பு பீரங்கி, ஒரு டார்ப்பிடோ. ரகசியம்லாம் இல்ல, 1978 பனிக்காலத்துல அந்த டாங்கிய ரோட்டுல ஓட்டிட்டுப் போனத ஊர்க்காரங்க பாத்துருக்காங்க, "அவருக்கு அது ஒரு ஆசை"ன்னு விட்டுட்டாங்க. 2015 ஜூலையில வேற ஒரு வழக்குக்காக, நாஜி காலத்து சிலைகளத் தேடுன விசாரணையில துப்பு கெடச்சு போலீஸ் வந்துச்சு, ராணுவத்துல இருந்து இருபது பேர் கிட்ட வந்து, கிட்டத்தட்ட ஒம்போது மணி நேரம் இழுத்து டாங்கிய வெளிய எடுத்தாங்க. அப்பறம் கோர்ட்ல வருசக்கணக்கா நடந்த வாதம் என்னன்னா, நம்ம வாண்டுப் பையனோட அம்மா கேட்டது தான்: இது இன்னும் ஆயுதமா, இல்ல வெறும் இரும்பா? 2021ல அவருக்கு 84 வயசு, 14 மாசம் நிறுத்தி வச்ச தண்டனை, ரெண்டரை லட்சம் யூரோ அபராதம்.

ஊர்க்காரங்க சம்மதம் சட்டத்துக்கு பதில் இல்ல. அதே மாதிரி சட்டப்படி எல்லாம் சரியா இருக்குங்கிறது ஊர்க்காரங்களுக்கு பதில் இல்ல. ரெண்டையும் தனித்தனியா தான் பாக்கணும்.

ஒரு நண்பரோட தோட்டத்துல நடந்தத சொல்றேன். கேட்டுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு இரும்பு பீரங்கி, கோயில் திருவிழா வேட்டுக்கு யாரோ வச்சிருந்ததாம், பேப்பர் எல்லாம் பக்கா, வாய் அடைச்சாச்சு. எதிர் வீட்டுக்காரர் மூணு மாசமா மனு மேல மனு. இவரும் பேப்பரக் காட்டுறாரு, அவரும் திரும்ப மனு போடுறாரு. கடைசியில ஒரு டீக்கடையில உக்காந்து பேசுனா விசயம் என்ன தெரியுமா, பீரங்கி வாய் நேரா அவர் நெலவாசலப் பாத்து இருக்கு, அவங்க வீட்டம்மா அத தெருக்குத்து மாதிரி நினைச்சு தெனம் கும்பிட்டுட்டுத் தான் கதவத் திறக்குறாங்க. பீரங்கிய கொஞ்சம் திருப்பி தென்னந்தோப்பப் பாத்து வச்சாங்க. மனு நின்னு போச்சு, அந்த வருச தீபாவளிக்கு பலகாரமே வந்துச்சாம்.

அதனால மாட்டும்போது நீங்க நிக்கிற எடத்துல இருந்து பாக்காதீங்க, அடுத்தவங்க நிக்கிற எடத்துல இருந்து பாருங்க. குழாயோ வாள் முனையோ வாசல், ரோடு, ஸ்கூல் வேன் நிக்கிற எடம், சோபா, எதையும் பாத்து இருக்கக் கூடாது. படுக்கைக்கு மேல மாட்டாதீங்க, பழைய செவுத்துல ஆணி கழண்டா வாள் கீழ தான் வரும். கண்ணாடிப் பெட்டின்னா உடைஞ்சா தூளாகாத கண்ணாடி, சாதாரண ஸ்க்ரூ டிரைவருக்கு கழலாத ஸ்க்ரூ, பூட்டு. சின்ன பீரங்கின்னா சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை, பிள்ளைங்க ஏறாம இருக்க மாட்டாங்க, சாஞ்சா கால் போச்சு. எல்லாத்தையும் போட்டோ எடுத்து அளவோட ஒரு லிஸ்ட் போட்டு ஒரு காப்பி ஸ்டேஷன்ல குடுத்து வைங்க, காணாமப் போனா உடனே சொல்லவும் அது உதவும்.

அப்பறம் முக்கியமா, யாரு கையிலயும் எடுத்துக் குடுக்காதீங்க. "ஒரே ஒரு போட்டோ அண்ணே"ம்பாங்க. பட்டாக்கத்தியில கேக் வெட்டி ஸ்டேட்டஸ் போட்டு உள்ள போன பசங்க கதை நம்ம ஊர்ல கொஞ்சமா நஞ்சமா. உங்க ஐயா வாளோட எவனோ ஒருத்தன் மீசைய முறுக்கி ரீல்ஸ் போட்டா, மொத விசாரணை வாளோட வீட்டுக்கு தான் வரும்.

என்ன எழுதி வைக்கிறது

சித்தப்பா மொதல்ல வச்சிருந்த அட்டை, "பல உயிர்களைப் பலி வாங்கிய வீரத் துப்பாக்கி". நிஜமா. எனக்குத் தெரிஞ்சு அது காட்டுப்பன்னிய தவிர எதையும் சுட்டதில்ல, அதுலயும் பாதி குறி தப்பிருச்சுன்னு அப்பத்தா சொல்லும்.

இப்ப இருக்க அட்டை: "நாட்டுத் துப்பாக்கி, வாய்வழி மருந்து கெட்டிக்கிற வகை. எங்க ஐயா பயிரக் காக்க வச்சிருந்தது. ஆயுதப்படை ஆர்மரர் சோதிச்சு உள்ள காலின்னு பாத்தது", கீழ தேதி, "லைசென்ஸ் உண்டு, கேட்டா காட்டுவோம். தொடாதீங்க." இத மாட்டுனதுக்கு அப்பறம் யாரும் சுடுமான்னு கேக்கறதில்ல, எப்படி உள்ள மருந்து இருந்துச்சுன்னு தான் கேக்குறாங்க, சித்தப்பா அரை மணி நேரம் கதை சொல்றாரு.

மருது பாண்டியர் காலத்து வாள்னு எழுதணும்னு ஆசை வரும், எங்க பக்கம் பழைய சாமான் கடையில அப்படித் தான் சொல்லி விப்பாங்க. 1801ல அவங்கள தூக்குல போட்டதுக்கு அப்பறம், அந்த டிசம்பர்லயே ஆயுதம் வச்சிருக்கக் கூடாதுன்னு கும்பெனிக்காரன் பிரகடனம் போட்டு பாளையத்து ஆயுதம் எல்லாத்தையும் புடுங்குனான். அதுக்கு தப்பிச்ச வாள் இருக்கவே இருக்காதுன்னு நான் சொல்லல, ஆனா கடைக்காரர் வாய்வார்த்தைய நம்பி அட்டை அடிக்காதீங்க. ஒரு பொய் தெரிஞ்சு போச்சுன்னா "உள்ள காலி"ன்னு எழுதுனதையும் நம்ப மாட்டாங்க.

வெடிக்குமா குத்துமாங்குற பயம் மட்டும் இல்ல. போன வருசம் மலேசியாவுல இருந்து ஒரு பெரியவர் பேத்தியோட வந்திருந்தாரு. முகப்புல அந்த ஜப்பான் வாள பாத்தவரு, அதுக்கு கீழ போட்டிருந்த நாற்காலியில உக்கார மாட்டேன்னுட்டாரு. காபி குடுத்தா நின்னுக்கிட்டே குடிச்சாரு. பேத்தி தான் அப்பறம் சொல்லுச்சு, அவரோட அப்பாவ தோட்டத்துல இருந்து சயாம் மரண ரயில் போட ஜப்பான்காரங்க பிடிச்சுட்டுப் போனாங்க, திரும்பி வரல. 1942, 43ல சயாமுக்கும் (இப்ப தாய்லாந்து) பர்மாவுக்கும் நடுவுல 415 கிலோமீட்டர் பாதை, மலேயா தோட்டத்துத் தமிழங்க எத்தனையோ ஆயிரம் பேர் அதுல காலராவுலயும் பட்டினியிலயும் போயிட்டாங்க. நாங்க அந்த வாள ஏதோ ஷோபீஸ் மாதிரி காபி டேபிளுக்கு மேல மாட்டி வச்சிருக்கோம். சித்தப்பா "ஐயா மன்னிச்சுக்கோங்க"ன்னு அப்பவே கழட்டுனாரு. அவர் "வேண்டாம் தம்பி, வைங்க, ஆனா இது என்னன்னு எழுதி வைங்க"ன்னாரு. இப்ப அது உள் அறையில இருக்கு, பாக்கணும்னு நினைக்கிறவங்க தான் உள்ள போய்ப் பாப்பாங்க, பக்கத்துல அந்த ரயில் பாதையப் பத்தி ரெண்டு பாரா. உங்ககிட்ட இருக்க சாமானுக்கும் அந்தப் பக்கம் நின்ன ஆள் ஒருத்தர் இருந்திருப்பாரு. அவங்க பேரனோ பேத்தியோ உங்க ஹாலுக்கு வந்தா எங்க உக்காருவாங்கன்னு ஒரு நிமிசம் யோசிச்சுட்டு மாட்டுங்க.

நீங்க பயப்படுற பக்கத்துல இருந்தா

மொதல்ல வீடியோ எடுத்து ஏரியா வாட்ஸ்அப் குரூப்ல போடாதீங்க, அது திருடனுக்கும் போகும். நேர்ல போய் மூணு கேள்வி கேளுங்க: உள்ள காலின்னு யார் பாத்தா, பேப்பர் என்ன இருக்கு, பூட்டு எங்க. ஒழுங்கான ஆளா இருந்தா கோவப்பட மாட்டாரு, டீ போட்டுக் குடுத்து காட்டுவாரு. முறைச்சாருன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க, இல்ல திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள்ல குடுத்து ரசீது வாங்குங்க. மனுவுல "பயமா இருக்கு"ன்னு மட்டும் எழுதாம, என்ன பாத்தீங்க, எந்தத் தேதி, எந்தப் பக்கம் பாத்து இருக்கு, பிள்ளைங்க கை வைக்க முடியுதான்னு எழுதுங்க. நீங்க பாத்தது மேல மூடுன ஷெல்லுன்னா இந்த வரிசை எதுவும் வேண்டாம், தள்ளி வந்து 112.

எங்க வீட்டுல இப்ப ஒரு புது வேலை சேந்துருக்கு. தேர்தல் அறிவிச்சா லைசென்ஸ் துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லுவாங்க, அலங்காரத்துக்கு வச்சிருக்கோம்னு சொன்னாலும் கேக்க மாட்டாங்க. அப்ப செவுத்துல வெறும் ரெண்டு கொக்கி தான் தொங்கும், அத பாத்துட்டு வந்தவங்க "எங்க சார் துப்பாக்கி, யாராவது தூக்கிட்டுப் போயிட்டாங்களா"ன்னு பதறுறாங்க. அதுக்கும் சித்தப்பா ஒரு அட்டை எழுதி வச்சிருக்காரு: "ஸ்டேஷனுக்குப் போயிருக்கு. ரசீது மேஜை டிராயர்ல. ஓட்டு எண்ணி முடிச்சதும் வரும்."